ஊரார் பொருளும் பள்ளிக் கூரையும்

பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் முதலில் தேடியது தலைசாய்க்க ஓர் இடம். அதற்கடுத்துத் தேடியது பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம். தாராவியாயினும் மாட்டுங்காவாயினும் செம்பூராயினும், எந்தக் குடும்பத்தின் வரலாற்றைக் கேட்டாலும் இவ்வுண்மை புலப்படும். பள்ளியில் இடம் கிடைத்தவுடன் நம் கவலை பெரிதும் தீர்ந்துவிடுகிறது. அதன்பின் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறோம்; மதிப்பெண்ணைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால், பிள்ளை நாள்தோறும் அமர்ந்திருக்கும் அறையின் சுவரை எழுப்பியவர் யார், ஒழுகும் கூரையை மாற்றப் பொருள் தருபவர் யார், அப்பொருளைத் தருமாறு ஊராரைக் கேட்கும் உரிமை எவர்க்கு உண்டு என்னும் வினாக்களை நாம் எழுப்புவது அரிது. சங்கத்தின் ஆண்டு விழா மலர் குடும்பம் முழுவதும் கூடிப் படிக்கும் நூல் ஆதலின், அவ்வினாக்களை ஈண்டு எழுப்பி, வரலாறு தரும் விடையைக் காண்பது பொருத்தமாகும்.

பள்ளிக்குப் பொருள் வரும் வழிகள் மூன்று. செல்வர் ஒருவர் தம் கையிலிருந்து கொடுப்பது ஒரு வழி. ஊரார் பலரும் கூடித் தத்தம் ஆற்றலுக்கேற்ப இடுவது மற்றொரு வழி. வாக்காளர் தேர்ந்தெடுத்த மன்றம் வரி விதித்துத் திரட்டுவது மூன்றாம் வழி. முதல் வழியைப் பற்றிக் கல்வெட்டுகளும் பாராட்டு மலர்களும் நிறையப் பேசுகின்றன. மற்ற இரண்டு வழிகளும் ஒன்றோடொன்று பிணைந்து நடந்த கதைதான் நாம் அறிந்துகொள்ள வேண்டுவது.

பழங்காலச் சான்றுகள்

முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், இன்றைய விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் ஒரு பெருங்கல்லூரி இயங்கியது. அங்கே 340 மாணாக்கர் பயின்றனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளிக்க 45 வேலி நிலம் ஒதுக்கப்பெற்றது. இந்த ஏற்பாட்டை ஊர்ச் சபையே கூடி முடிவுசெய்து கல்லிலும் பொறித்து வைத்தது. கல்விக்குரிய பொருள் எங்கிருந்து வரும், எவருக்கு எவ்வளவு செல்லும் என்பதை ஊரறிய எழுதி வைத்த பழக்கம் ஆயிரம் ஆண்டு தொன்மையுடையது என்பதற்கு இது சான்று.

காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை அவை. ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுத்த விதிகளுள் ஒன்று நம் உள்ளத்தில் பதியத் தக்கது. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் வாரியம் ஏற்கத் தகுதியற்றவர் என்பதே அவ்விதி. ஊர்ப் பொருளைக் கையாள்பவர் கணக்கிற்குக் கட்டுப்பட்டவர் என்னும் நெறியைக் கல்லில் வெட்டிய ஊர் அது.

இப்பெருமையைச் சொல்லும்போதே இதன் குறையையும் சொல்லிவிட வேண்டும். எண்ணாயிரத்துக் கல்லூரி வேதக் கல்விக்காக அமைந்தது. உத்திரமேரூர்ச் சபையில் அமர நிலவுடைமை வேண்டும். உழுதவர், நெய்தவர், தோல் பதனிட்டவர் பிள்ளைகளுக்கும், பெண்மக்களுக்கும் அந்த வாயில் திறக்கவில்லை. பொருளைத் திரட்டும் ஒழுங்கு இருந்தது. பொருளின் பயன் அனைவரையும் சென்றடையவில்லை.

பிடியரிசியும் மகமையும்

அடைபட்ட வாயிலைத் தம் கையால் திறந்துகொண்டவர்களின் கதை விருதுநகரில் நிகழ்ந்தது. அவ்வூர் நாடார் வணிகர்கள் தம் வாணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமை என்னும் பெயரால் பொதுநிதிக்குச் செலுத்தினர். எவரும் வந்து வற்புறுத்தி வாங்கியதன்று. உறவின்முறை கூடித் தனக்குத் தானே விதித்துக்கொண்ட வரி எனலாம். அந்நிதியைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்திரிய வித்தியாசாலை எழுந்தது. வீடுதோறும் சமைக்க அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியை எடுத்துத் தனியே சேர்த்துப் பள்ளிக்கு அளித்த பிடியரிசி வழக்கமும் அங்கே நிலவியது. மகமை கடைவீதியின் பங்கு; பிடியரிசி அடுக்களையின் பங்கு. பள்ளிக் கட்டிடத்துக்கு ஆடவர் மட்டுமே பொருள் தந்தனர் என்று எண்ணுவோர் இப்பிடியரிசியை நினைத்துக்கொள்வது நல்லது.

அப்பள்ளியில் பயின்ற சிறுவருள் ஒருவர் காமராசர். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்குச் சென்ற அவர், பிற்காலத்தில் மாநிலத்தின் முதலமைச்சராகிப் பள்ளிகளுக்காக ஊராரிடம் பொருள் கேட்ட வரலாற்றைச் சற்றுப் பின்னர்க் காண்போம். ஊரார் கூடினால் பள்ளி எழும் என்பது அவர் நூலில் கற்ற செய்தியன்று. இளமையில் கண்ணாற் கண்ட செய்தி.

வரியும் வாக்கும்

மகமை ஒரு சமூகத்தின் எல்லைக்குள் நின்றது. நாடு முழுவதற்கும் ஒரு வழி வேண்டும் என்று எண்ணியவர் கோபால கிருஷ்ண கோகலே. 1911 மார்ச்சில் அவர் மத்திய சட்டசபையில் ஒரு மசோதாவைக் கொணர்ந்தார். நகராட்சிகளும் மாவட்ட மன்றங்களும் விரும்பினால் தம் எல்லைக்குள் தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கலாம். அதற்கெனக் கல்வி வரியும் விதிக்கலாம். அரசும் செலவில் பங்கேற்க வேண்டும் என்பன அதன் சாரம். மக்கள் இதனைக் கேட்கவில்லை என்றும், புதுவரியை அவர்கள் விரும்பமாட்டார்கள் என்றும் எதிர்ப்பு எழுந்தது. 1912 மார்ச்சில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவு 13, எதிர்ப்பு 38. மசோதா வீழ்ந்தது.

எனினும் வித்து அழியவில்லை. விட்டல்பாய் பட்டேலின் முயற்சியால் 1918-இல் பம்பாய் மாகாணத்து நகராட்சிகளுக்குக் கட்டாயக் கல்விச் சட்டம் வந்தது. பம்பாய் நகரத்துக்கென 1920-இல் தனிச் சட்டம் இயற்றப்பெற்றது. அதே 1920-இல் சென்னை மாகாணத்துத் தொடக்கக் கல்விச் சட்டம் உள்ளாட்சி மன்றங்கள் கல்வி வரி விதிக்க வழிசெய்தது. பம்பாயில் கட்டாயக் கல்வி 1925-இல் எஃப், ஜி என்னும் இரண்டு வார்டுகளில் தொடங்கியது. மாட்டுங்கா எஃப் வார்டிலும், தாராவி ஜி வார்டிலும் அடங்குவன என்பதை நம்மவர் நினைவிற் கொள்ள வேண்டும். நகராட்சி தன் பொருளால் ஏழைப் பிள்ளைக்குக் கல்வி அளித்தே தீரவேண்டும் என்னும் கடமை இந்நகரில் முதன்முதல் வேரூன்றிய மண், நாம் வாழும் மண்ணே.

ஆனால் அக்காலத்து வாக்குரிமை எல்லார்க்கும் உரியதன்று. வரியும் வாடகையும் குறித்த அளவுக்குச் செலுத்தியவரே மாநகராட்சித் தேர்தலில் வாக்களிக்கலாம். தாராவிக் குடிசையில் வாழ்ந்து தோல் பதனிட்ட திருநெல்வேலித் தொழிலாளிக்கு அந்நாளில் வாக்கு ஏது? அவர் பிள்ளைக்குப் பள்ளி வேண்டுமா, அதன் கூரை எத்தகையதாய் இருக்க வேண்டும் என்பதை வேறொருவர் முடிவு செய்தார். 1948-இல்தான் வயது வந்தோர் அனைவர்க்கும் மாநகராட்சி வாக்குரிமை கிட்டியது. 1950-இல் மாநகர எல்லை விரிந்தபோது செம்பூரும் அவ்வுரிமை வட்டத்துள் சேர்ந்தது. வரி கொடுப்பவரும், வரியால் பயன் பெறுபவரும், வரியைக் குறித்து முடிவு சொல்பவரும் ஒருவரே என்னும் நிலை அதன் பின்னரே தோன்றலாயிற்று.

கடம்பத்தூரில் தொடங்கிய இயக்கம்

1954 ஏப்ரலில் காமராசர் சென்னை மாநில முதலமைச்சரானார். ஊர்தோறும் தொடக்கப்பள்ளி என்னும் குறிக்கோளோடு புதிய பள்ளிகள் பெருகின. பள்ளி திறந்துவிட்டால் போதுமா? மரத்தடியிலும் கோயில் மண்டபத்திலும் கூரைக் கொட்டகையிலும் நடந்த பள்ளிகள் பல. கரும்பலகை இல்லை, அமரப் பலகை இல்லை, குடிக்க நீர் இல்லை. அரசின் கருவூலமோ ஆசிரியர் சம்பளத்துக்கே திணறியது.

அப்போது பொதுக் கல்வி இயக்குநராக விளங்கியவர் நெ. து. சுந்தரவடிவேலு. நெய்யாடுபாக்கம் என்னும் சிற்றூரிற் பிறந்தவர். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் பணியாற்றியவர். ஊரார் கை கொடுத்தால் பள்ளி நிமிரும் என்று அவர் நம்பினார். அந்நம்பிக்கைக்கு முதற் சான்றாய் அமைந்தது பகலுணவு. 1956-இல் பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் காமராசர் அதனைத் தொடங்கிவைத்தார். முதலில் ஊரார் நன்கொடையே அதன் ஆதாரம். 1957-இன் இறுதியில் அரசு மானியம் வந்தபோது, ஒரு பிள்ளையின் ஒருவேளை உணவுக்குப் பத்துக் காசு என்று கணக்கிட்டு, ஆறு காசை அரசும் நாலு காசை ஊரும் ஏற்றன.

சோற்றுக்குக் கொடுத்த ஊர் சுவருக்கும் கொடுக்குமா என்பது அடுத்த கேள்வி. 1958-இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூர் வட்டாரத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்னும் முயற்சி தொடங்கியது. பின்னர் மாவட்டந்தோறும் பரவி, நூற்றுக்கு மேற்பட்ட மாநாடுகளாகப் பெருகிப் பல கோடி ரூபாய் மதிப்புள்ள பொருளையும் உழைப்பையும் பள்ளிகளுக்கு ஈட்டித் தந்தது. இந்தியக் கல்வி நிலையை ஆராய்ந்த கோத்தாரி குழுவும் 1966-இல் அளித்த அறிக்கையில் சென்னை மாநிலத்தின் இம்முயற்சியைச் சிறப்பாக எடுத்துக்காட்டியது.

இவ்வியக்கம் வென்றதற்குக் காரணம் காமராசரின் செல்வாக்கு மட்டும் என்று கூறுவது பொருந்தாது. அது நடந்த முறையே அதன் வலிமை. முதலில் ஆசிரியரும் ஊர்ப் பெரியோரும் கூடித் தம் பள்ளிக்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியல் இட்டனர். நிலம், கூடுதல் அறை, ஓடு, கிணறு, வெள்ளையடித்தல், பலகை, மணி, கடிகாரம், நிலப்படம், ஏழைப் பிள்ளைக்குச் சீருடை என்று பெரிதும் சிறிதுமாக அப்பட்டியல் விரிந்தது. ஒவ்வொன்றுக்கும் விலை குறிக்கப்பட்டது. பின்னர் இன்னது என்னுடையது என்று ஊரார் ஒவ்வொருவரும் ஏற்றனர். நிலமுடையவர் நிலம் கொடுத்தார். கொல்லர், தச்சர் உழைப்புக் கொடுத்தனர். ஒன்றும் இல்லாதவர் மண் சுமந்தனர். மாநாட்டு நாளில் அவரவர் தந்தது எல்லோர் முன்னிலையிலும் அறிவிக்கப்பட்டது.

இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. கல்வி வளர்ச்சிக்கு உதவுங்கள் என்று பொதுப்படக் கேட்டால் கேட்டவரின் முகத்துக்காக ஒரு ரூபாய் விழும். மூன்றாம் வகுப்பின் வடபுறச் சுவருக்கு இருநூறு செங்கல் வேண்டும் என்று கேட்டால் செங்கல்லே வந்து சேரும். எது வேண்டும் என்பது தெரியும்போது கொடுப்பவர்க்குத் தம் அளவு தெரிகிறது. கொடுத்தது எங்கே போயிற்று என்பதும் நாளை கண்ணில் தெரிகிறது. ஊர் கூடித் தேர் இழுப்பது நம் பழமொழி. வடம் எங்கே இருக்கிறது என்று காட்டியவர்களே கடம்பத்தூர் முயற்சியை நடத்தியவர்கள்.

இயக்கத்தின் எல்லைகள்

புகழ்ந்துரைத்தல் எளிது, எல்லையை அறிதல் பயனுடையது. நன்செய் நிறைந்த ஊர் நிறையக் கொடுத்தது. வானம் பார்த்த ஊர் குறையக் கொடுத்தது. எனவே பள்ளிக்கு மிக வேண்டியிருந்த இடத்திற் பொருள் குறைவாகவும், குறைவாக வேண்டியிருந்த இடத்தில் மிகுதியாகவும் சேரும் அபாயம் இருந்தது. ஊர் கொடுப்பதை ஊர்ப் பெரிய வீடு கொடுத்ததாகவே கருதி, அவ்வீட்டார் பள்ளியில் அதிகாரம் செலுத்துவதும் உண்டு. சேரிப் பிள்ளைகள் பயின்ற பள்ளிக்கு அவ்வூரின் பெரிய தெரு எவ்வளவு கொடுக்கும் என்பதும் எளிய வினாவன்று.

எல்லாவற்றிலும் பெரிய குறை பராமரிப்பு. புதுச் சுவருக்குக் கொடுக்க மனம் வருகிறது. பத்தாண்டு கழித்து அச்சுவரின் விரிசலை அடைக்கக் கொடுப்பதற்கு விழாவும் இல்லை, மாலையும் இல்லை. கட்டிடம் ஒருமுறை எழுவது. பழுது ஆண்டுதோறும் வருவது. கொடை எழுச்சியால் வருவது ஆதலின் ஏறும், இறங்கும். வரி ஒழுங்காக வருவது. ஆதலால் நன்கொடை வரிக்கு மாற்றாகாது. வரியும் ஊரார் அக்கறைக்கு மாற்றாகாது.

கடலுக்கு அப்பால் ஒரு வழக்கம்

வாக்கையும் வரியையும் நேருக்கு நேர் இணைத்த நாடு அமெரிக்கா. அங்கே பல மாநிலங்களில், பள்ளி வட்டாரத்தின் மன்றம் கட்டிடம் கட்டவோ புதுக்கவோ பெருங்கடன் வாங்க வேண்டுமானால், அவ்வட்டார வாக்காளரின் ஒப்புதலைப் பெற வேண்டும். கடனை அடைக்க அவர்களுடைய சொத்துவரி உயரும் ஆதலின், வாக்குச் சீட்டில் அக்கேள்வி அச்சாகி வருகிறது. வேட்பாளருக்கு வாக்களிப்பது போலவே, பள்ளிக் கூரைக்கும் ஆம் என்றோ அன்று என்றோ வாக்களிக்கின்றனர். பள்ளியிற் பிள்ளை இல்லாத முதியவரும் வாக்களிப்பர். அவரையும் இணங்கச் செய்தாக வேண்டும்.

கலிபோர்னியாவில் இத்தகைய கடனுக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு வேண்டும் என்பது பழைய விதி. பல முயற்சிகள் அதனால் தோற்றன. 2000-ஆம் ஆண்டு மக்களே வாக்களித்து, நூற்றுக்கு 55 பங்கு வாக்கு இருந்தாலும் போதும் என்னும் வழியைத் திறந்தனர். அத்தளர்வுக்கு ஈடாகக் கட்டுப்பாடுகளும் வந்தன. எந்தெந்தப் பள்ளியில் என்னென்ன பணி என்று முன்னரே பட்டியல் வெளியிட வேண்டும். ஆண்டுதோறும் தணிக்கை நடத்த வேண்டும். செலவைக் கண்காணிக்கக் குடிமக்கள் குழு ஒன்று இருக்க வேண்டும்.

கடம்பத்தூர்ப் பட்டியலும் உத்திரமேரூர்க் கணக்கு விதியும் பசிபிக் கடற்கரையிலும் வேறு உருவில் தோன்றுவதைக் காண்கிறோம். எங்கும் மக்கள் மனம் ஒன்றே. எதற்கு என்று தெரிந்தால் கொடுப்பர்; கணக்குக் காட்டினால் மீண்டும் கொடுப்பர். அங்கும் செல்வ வட்டாரத்தின் பள்ளி மிளிர்வதும் வறிய வட்டாரத்தின் பள்ளி தேய்வதும் உண்டு. அக்குறையைப் போக்க மாநில அரசின் பொருள் வேண்டியிருக்கிறது.

நம் நகரில் இரு வழிகள்

இனி நம் நகருக்குத் திரும்புவோம். மாட்டுங்காவில் குடியேறிய தென்னிந்தியர் பெரும்பாலும் அலுவலகங்களிற் பணிபுரிந்தவர்கள். தம் பிள்ளைகளின் கல்விக்குத் தாமே வழிதேடி, 1932-இல் எம். வி. வெங்கடேசுவரன் முயற்சியால் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தனர். ஒரு தொடக்கப்பள்ளியாக முளைத்த அச்சங்கம், 1960-இல் சயானில் கல்லூரி காணும் அளவுக்கு வளர்ந்தது. எஸ்.ஐ.இ.எஸ். என்னும் எழுத்துகளை இன்று அறியாதவர் நம்மில் இலர். வடாலாவிலும் தென்னிந்தியர் நலச் சங்கம் கல்விப் பணியை மேற்கொண்டது. இவை மகமை மரபின் நகரத்துக் கிளைகள் எனலாம்.

தாராவியின் கதை வேறு. தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பங்களுக்குத் தனிப்பள்ளி எழுப்பும் பொருள் எளிதிற் கிட்டவில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்ததில் பெரும்பங்கு மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளிகளுக்கு உரியது. மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, தெலுங்கு, கன்னடம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் பள்ளி நடத்திய மாநகராட்சி இது. பிற மாநிலத்து மொழியில், தன் வரிப்பணத்தால், புலம்பெயர்ந்தோர் பிள்ளைக்குப் பாடம் சொல்லும் நகரங்கள் உலகில் மிகச் சில. அந்த நன்றியை மறத்தல் ஆகாது. பின்னர்த் தாராவி மக்களும் தம் கையூன்றி எழுந்தனர். அங்கே காமராசர் பெயர் தாங்கிய உயர்நிலைப் பள்ளி ஒன்றும் நிற்கிறது.

மாட்டுங்காவின் வழி கொடை. தாராவியின் வழி பெரும்பாலும் வரி. இரண்டும் தமிழ்ப் பிள்ளைகளைக் கரையேற்றின. ஒன்றை உயர்த்தி மற்றொன்றைத் தாழ்த்துதல் நன்றியறியாமை. ஆயினும் ஒரு வேறுபாட்டைக் காணாமலிருக்க இயலாது. நன்கொடை கொடுத்த பள்ளியின் ஆண்டறிக்கையை நாம் கேட்டு வாங்கிப் படிக்கிறோம். வரி கொடுக்கும் மாநகராட்சிப் பள்ளியைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மும்பையின் சொத்துவரிச் சீட்டை எடுத்துப் பார்த்தால் மாநகராட்சிக் கல்வி வரி என்றும் மாநிலக் கல்வி வரி என்றும் தனித்தனி வரிகள் காணப்படும். மாநில வரி 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. வாடகைக்கு இருப்பவரும் தம் வாடகையின் வழியே வீட்டுச் சொந்தக்காரரின் வரிச் சுமையில் ஒரு பங்கைத் தாங்குபவரே. ஆக, நாம் பள்ளிக் கட்டிடத்துக்கு ஏற்கெனவே பொருள் கொடுத்தவர்கள். கொடுத்ததை மறந்துவிட்டவர்கள் என்பதே உண்மை.

கூரை விழும்போது

கேளாமையின் விலை என்ன? 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற் கொட்டகையில் பற்றிய தீ வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவி, 94 குழந்தைகளின் உயிரைக் கொண்டு சென்றது. நாடே கலங்கி நின்றது. அதன் பிறகே பள்ளிகளின் கீற்றுக் கூரைகள் விரைந்து அகற்றப்பட்டன. 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர் மாண்டனர். நம் குடும்பங்கள் பலவற்றின் வேர் அந்த மாவட்டத்தில் இருத்தலின், அச்செய்தி தாராவித் தெருக்களில் உறவினர் மரணம் போலவே கேட்கப்பட்டிருக்கும். அதன் பின்னரே மாநிலம் முழுவதும் பழுதுற்ற கட்டிடங்கள் கணக்கெடுக்கப்பட்டு இடிக்கப்பட்டன.

கீற்றுத் தீப்பற்றும் என்பதும், பழஞ்சுவர் சாயும் என்பதும் எவரும் அறியாத செய்திகள் அல்ல. பட்டியல் முன்னரே இடப்பட்டிருந்தால், அது ஊர்க் கூட்டத்தில் படிக்கப்பட்டிருந்தால், படித்தபின் அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று ஒருவர் எழுந்து கேட்டிருந்தால், அத்தனை தாய்மார் கண்ணீர் வடித்திருக்க வேண்டியதில்லை.

தமிழக அரசு பின்னர் பேராசிரியர் அன்பழகன் பெயரால் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் ஒன்றை அறிவித்தது. ஐந்தாண்டுகளில் பல ஆயிரம் கோடி ரூபாய் செலவில் கட்டிடங்களும் பிற வசதிகளும் அமைப்பது அதன் நோக்கம். அதனோடு 2022 டிசம்பர் 19 அன்று நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி என்னும் திட்டம் தொடங்கப்பெற்று, வெளியூரிலும் வெளிநாட்டிலும் வாழும் முன்னாள் மாணவரையும் நிறுவனங்களையும் உதவுமாறு அழைத்தது. வரியும் கொடையும் கைகோக்கும் கடம்பத்தூர் நெறி மீண்டும் வேறு பெயரில் வந்திருக்கிறது. ஊரில் நாம் படித்த பள்ளியை நினைப்போர்க்கு இது நல்ல வாய்ப்பு.

நாம் செய்யத் தக்கவை

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் நமக்கு ஒரு கருவியைத் தந்திருக்கிறது. அரசும் உள்ளாட்சியும் நடத்தும் ஒவ்வொரு பள்ளிக்கும் மேலாண்மைக் குழு வேண்டும். அதில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது காப்பாளராக இருத்தல் வேண்டும். குழுவிற் பாதிப்பேர் பெண்கள். அக்குழுவே பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுத வேண்டும். அத்திட்டமே மானியத்துக்கு அடிப்படை. எல்லாப் பருவத்துக்கும் தாங்கும் கட்டிடம், ஆசிரியர் ஒருவர்க்கு ஓர் அறை, ஆண் பெண் இருபாலர்க்கும் தனித்தனிக் கழிப்பறை, குடிநீர், விளையாட்டிடம், சுற்றுச்சுவர் ஆகியவற்றை அச்சட்டத்தின் அட்டவணையே கேட்கிறது. கடம்பத்தூரில் ஆசிரியரும் ஊராரும் தாமாக இட்ட பட்டியலை இன்று சட்டமே இடச் சொல்கிறது. குழுவில் அமர்ந்திருக்கும் தாய்மாரும் தந்தையரும் அதனைப் பயன்படுத்துகின்றனரா என்பதே வினா.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை நம் குடும்பங்களின் முன் வைக்கிறோம். முதலாவது: நம் குடியிருப்பை அடுத்த மாநகராட்சிப் பள்ளியில் நம் பிள்ளை பயின்றாலும் பயிலாவிட்டாலும், அதன் கட்டிடத்தின் நிலையை ஆண்டுக்கு ஒருமுறை நேரிற் சென்று காண்போம், மேலாண்மைக் குழுவின் திட்டத்தைக் கேட்டுப் படிப்போம். இரண்டாவது: நன்கொடை கொடுப்பதானால் பொதுப்படக் கொடாமல், குறித்த ஒன்றுக்குக் கொடுத்துக் கணக்குக் கேட்போம், கொடுத்ததற்காகப் பள்ளியில் அதிகாரம் கேளோம். மூன்றாவது: வாக்குக் கேட்டு வருபவரிடம் பள்ளிக் கூரையைப் பற்றியும் கேட்போம். மாநகராட்சியின் பதவிக்காலம் 2022 மார்ச்சில் முடிந்தபின், தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் இன்றி நிர்வாகியின் பொறுப்பில் மூன்றாண்டுகளுக்கு மேல் இந்நகரம் நடந்தது. அக்காலத்திலும் கல்வி வரி தவறாமல் வாங்கப்பட்டது. கணக்குக் கேட்க ஓர் உறுப்பினர் வாய்ப்பது எவ்வளவு அரியது என்பதை அவ்வாண்டுகள் உணர்த்தின.

தாராவியில் வாழ்வோர்க்கு இவ்வேண்டுகோள் இன்னும் நெருக்கமானது. மறுசீரமைப்பின் பெயரால் அப்பகுதியின் தெருவும் வீடும் இடம் மாறவிருக்கும் காலம் இது. எந்த வீட்டுக்கு எத்தனை சதுர அடி என்னும் பேச்சு எங்கும் கேட்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளிக்கு எத்தனை சதுர அடி, விளையாட்டிடம் எங்கே, இடையிற் கட்டிடம் இல்லாத ஆண்டுகளில் அவர்கள் எங்கே பயில்வர், தமிழ் வகுப்பு நிலைக்குமா என்னும் கேள்விகளும் அப்பேச்சில் இடம்பெற வேண்டும். வரைபடம் மையால் எழுதப்படும் முன்பே கேட்க வேண்டிய கேள்விகள் அவை. சுவர் எழுந்தபின் கேட்பதாற் பயனில்லை.

பிடியரிசி இட்ட விருதுநகர்த் தாய்மார் பள்ளியின் பெயர்ப் பலகையில் இடம் கேட்கவில்லை. மண் சுமந்த கடம்பத்தூர் வட்டாரத்துத் தொழிலாளியின் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. ஆயினும் அவர்கள் எழுப்பிய நிழலில் அமர்ந்து படித்தவர்களின் மக்களும் பேரமக்களும் இன்று இந்நகரில் வாழ்கின்றனர். அவர்களுள் சிலர் இம்மலரைப் படிக்கின்றனர். அவர்கள் நமக்குச் செய்ததை நாம் அடுத்த தலைமுறைக்குச் செய்தல் முறை. அடுத்த ஆண்டு விழா வருவதற்குள், நம் குடியிருப்புகளை அடுத்த ஒவ்வொரு பள்ளிக்கும் ஒரு பட்டியல் நம் கையில் இருக்குமாயின், அப்பணி தொடங்கிவிட்டது என்று பொருள்.